ஆடிய பல்லும் ஸ்டெம் செல் கேள்வியும்: மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வலது கீழ்த்தாடையில் ஒரு பல் ஆடுகிறது, அதன் பக்கத்தில் சோறு சிக்குகிறது, காலையில் எழுந்தால் வாய் உப்புக் கரிக்கிறது என்ற மூன்று குறைகளுடன் 43 வயதுள்ள ஒரு பெண் என் மருத்துவமனைக்கு வந்தார். மண்டபத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கடலோரக் குடியிருப்பைச் சேர்ந்த அவர், 20 ஆண்டுகளுக்கும் மேலாக மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் இருந்தது. அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

பல்லைக் காட்டுவதற்கு முன்பே அவர் ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரம்மா, பல்லைப் பிடுங்காம, ஸ்டெம் செல்லுன்னு ஒரு ஊசி போட்டு எலும்பை வளர்க்கலாமாமே? பையன் போன்ல காட்டுனான்." ஸ்டெம் செல் என்பது வேறு பல வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல். மாநகர் ஒன்றில் இயங்கும் ஒரு மையத்தின் விளம்பரம் அது. கேட்டதற்கு அவர்கள் சொன்ன தொகை, இவர் ஒரு பருவம் முழுவதும் கடலில் இறங்கினாலும் சேராத தொகை. நகையை அடகு வைக்க வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு முடிவதற்குள் இங்கே வந்துவிட்டதை நான் பெரிய நல்வாய்ப்பாகக் கருதினேன், இன்றும் அப்படியே கருதுகிறேன்.

பரிசோதனையில் கண்டவை

வாயில் 27 பற்கள் இருந்தன. பெரும்பாலான இடங்களில் ஈறு சிவந்து, தொட்டவுடன் கசிந்தது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை கெட்டியாகப் படிந்திருந்தது. ஈறு பல்லை விட்டு விலகியதால் உண்டாகும் இடைவெளியை ஈறுப் பை என்போம். பெரும்பாலான ஈறுப் பைகளின் ஆழம் 4 முதல் 6 மி.மீ. வரை இருக்க, வலது கீழ் முதல் முன்கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் மட்டும் அளவுக்கம்பி 9 மி.மீ. உள்ளே இறங்கியது. அங்கே ஈறும் 1 மி.மீ. கீழே இறங்கியிருந்ததால், பல்லின் பிடிப்பு மொத்தம் 10 மி.மீ. போயிருந்தது. பல் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தது, ஆனால் மேலும் கீழும் அமுங்கவில்லை. எக்ஸ்ரேயில், வேரை ஒட்டிக் கிணறு வெட்டியதுபோல் எலும்பு சரிந்து இறங்கியிருந்தது.

இப்படிப்பட்ட பள்ளத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட கூழ் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். கூழ் செத்து, அந்தச் சீழ் வேரோரமாக வழிந்து வெளியேறினாலும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய இதே உருவம்தான் தெரியும், ஆனால் அதற்கான சிகிச்சையே வேறு. குளிர்ச்சிச் சோதனைக்கும் மின்சோதனைக்கும் பல் நன்றாகவே பதில் தந்தது. ஆக, நோய் வெளியிலிருந்து, ஈற்றின் வழியாக வந்தது.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.1 சதவீதமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டு உலகப் பயிலரங்கில் வகுக்கப்பட்டு 2018-இல் வெளியான வகைப்பாட்டின்படி இது மூன்றாம் நிலை ஈறு நோய். சர்க்கரைச் சராசரி 7-ஐத் தாண்டியதால் வேகமாக முன்னேறும் 'சி' தரத்தில் சேரும்.

எல்லா இடத்திலும் சர்க்கரையும் புகையிலையும் ஒன்றுபோலத்தானே வேலை செய்திருக்கும், ஏன் இந்த ஒரு பல்லில் மட்டும் இவ்வளவு ஆழம் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. கடலுக்குள் எப்படி வேலை செய்வீர்கள் என்று கேட்டபோது விடை தானாக வந்தது. பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்க, ஒவ்வொரு விரலிலும் துணிக்கீற்றைச் சுற்றுவார்கள். சுற்றிக் காட்டுங்கள் என்று ஒரு காஸ் துணியைக் கொடுத்தேன். இடது கையால் வலது கைவிரலில் சுற்றி, ஒரு நுனியை விரல்களுக்கிடையே பிடித்து, மறு நுனியை வலப்பக்கப் பற்களில் கவ்வி, தலையைச் சட்டென்று ஒரு பக்கமாகத் திருப்பி முடிச்சை இறுக்கினார். துணி நின்ற இடம் அதே முன்கடைவாய்ப் பல். ஒரு நாளைக்குப் பத்து விரல், வேலை நடுவே அவிழ்ந்தால் மறுபடியும், இப்படி 20 ஆண்டுகள்.

இழுப்பு மட்டுமே ஈறுப் பையை உண்டாக்காது, சுத்தமான வாயில் பல் சற்று ஆடுமே தவிர, பிடிப்பு போகாது. ஆனால் கிருமிப் படலத்தால் ஈறு ஏற்கெனவே அழன்று கிடக்கும் இடத்தில் அந்தப் பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்தால் எலும்பு கரைவது விரைவாகும். சிகிச்சைத் திட்டத்தில் நான் எழுதிய முதல் வரி அந்த முடிச்சைப் பற்றியதுதான்.

அவர் கேட்ட கேள்விக்கான பதில்

பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வேரின் மேல்பூச்சான சிமென்டத்திலிருந்து தாடை எலும்பு வரை, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் இடைவெளியில், ஆயிரக்கணக்கான நார்கள் இரு முனையும் புதைந்து பல்லைத் தொங்கவிட்டிருக்கின்றன. கயிற்றில் கட்டிய வத்தை என்னும் சிறு படகு அலைக்கேற்ப ஏறி இறங்குவதுபோல் பல்லும் மெல்லும்போது அந்த நார்களில் அசைந்து கொடுக்கிறது. ஈறு நோயில் அறுந்துபோவது இணைப்பு நார் என்னும் இந்தக் கட்டு. எலும்பை மட்டும் வளர்த்தால் போதாது. சிமென்டம், நார், எலும்பு ஆகிய மூன்றும் அந்தந்த இடத்தில் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தால்தான் அது மீளுருவாக்கம்.

அந்த மூன்றையும் வளர்க்கக்கூடிய செல்கள் எங்கே இருக்கின்றன என்பதே இத்துறையின் மையக் கேள்வி. 1976-இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். சுத்தம் செய்யப்பட்ட வேரின் மேல் எந்தத் திசுவின் செல் முதலில் வந்து குடியேறுகிறதோ, அதுவே அங்கே உருவாகும் பிடிப்பின் தன்மையைத் தீர்மானிக்கும் என்பது அந்தக் கருத்து. ஈற்றின் மேல்தோல் செல்கள்தான் எல்லாவற்றையும்விட வேகமாக இறங்கும். அவை முந்திவிட்டால் வேரோடு தோல் மட்டும் ஒட்டும், நார் வளராது. எலும்புச் செல் முந்தி வேரைத் தொட்டால் வேர் கரையவோ எலும்போடு இறுகவோ வழி உண்டு. இணைப்பு நாரிலிருந்து வரும் செல் மட்டுமே மூன்றையும் கட்டும். 1982-இல் நைமன், லிண்டே, கார்ரிங் ஆகியோர் அடங்கிய குழு ஒரு மனிதப் பல்லில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஈற்றுக்கும் வேருக்கும் இடையே ஒரு வடிதாளைத் தடுப்பாக வைத்து மேல்தோலை வெளியே நிறுத்தியதில், மூன்று மாதங்களில் புதிய சிமென்டமும் அதில் புதைந்த நார்களும் உருவாகியிருந்தன.

அந்த நாரில் இருப்பவை ஸ்டெம் செல்களே என்று 2004-இல் சியோ, ஷி உள்ளிட்டோரின் ஆய்வு காட்டியது. பிடுங்கிய ஞானப்பற்களின் வேரிலிருந்து நாரைச் சுரண்டி எடுத்து, நொதிகளால் கரைத்து, தனித்தனிச் செல்களாக்கி வளர்த்தார்கள். ஸ்ட்ரோ-1, சிடி146 போன்ற ஸ்டெம் செல் அடையாளங்கள் அவற்றில் இருந்தன. எலிகளின் உடலில் பொருத்தியபோது அவை சிமென்டமும் இணைப்பு நாரும் போன்ற அமைப்பை உருவாக்கின. 2008-இல் குட்டைப் பன்றிகளில் செய்த சோதனையிலும் எலும்போடு நாரும் மீண்டது.

மனிதர்களிடம் வரும்போது கதை இவ்வளவு நேராக இல்லை. 2016-இல் சீனாவிலிருந்து வெளியான, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்த ஒரு சமவாய்ப்புச் சோதனையில், 30 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அவரவர் இணைப்பு நார் ஸ்டெம் செல்களோடு மாட்டெலும்புத் தூளையும், மற்றவர்களுக்கு எலும்புத் தூளை மட்டும் வைத்தார்கள். இரு தரப்பிலும் எலும்பு கூடியது. செல் வைத்ததால் கேடு ஏதும் வரவில்லை, ஆனால் செல் வைத்தவர்களுக்குத் தனியாக நன்மை கூடியதாகவும் கணக்கு காட்டவில்லை. 2018-இல் ஜப்பானின் இவாட்டா குழு பத்து நோயாளிகளின் நாரிலிருந்து செல்களை வளர்த்து, மெல்லிய விரிப்புகளாக உரித்தெடுத்து, மூன்று அடுக்காக வேரில் பொருத்தியது. சூடு குறைந்தால் செல்களைத் தானாக விடுவிக்கும் வளர்ப்புத் தட்டு இதற்குத் துணை செய்தது. ஆறு மாதத்தில் பிடிப்பு சராசரியாக 2.5 மி.மீ. மீண்டது. நம்பிக்கையூட்டும் முடிவுதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பு இல்லாத, பத்தே பேரிடம் செய்த சோதனை.

இதை எல்லாம் அவரிடம் இப்படியே சொல்ல முடியாது. "அந்த ஊசி இன்னும் ஆராய்ச்சியிலதான்கா இருக்கு. ஆராய்ச்சியில சேர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே அது சரியில்லைன்னு வச்சுக்கோங்க" என்று சொன்னேன். இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர, மற்றெல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். பாற்பல்லையும் பற்கூழையும் எதிர்காலத்துக்கென்று வங்கியில் போட்டு வைக்கும் வணிகத்துக்கும் அந்த வழிகாட்டுதல்களில் இடமில்லை, தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே இடமுண்டு. நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் தட்டணுக் கூழையே 'ஸ்டெம் செல்' என்று பெயர் மாற்றி விற்கும் இடங்களும் இருக்கின்றன. கைவிரலில் துணி சுற்றிக் கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு அப்படிப் போவதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னேன். அவருடைய பல்லைச் சுற்றி எஞ்சியிருக்கும் நாரில் அந்த ஸ்டெம் செல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை வந்து வேலை செய்ய இடமும் நேரமும் ஏற்படுத்திக் கொடுப்பதுதான் என் வேலை. பள்ளம் குறுகலாகவும் ஆழமாகவும், மூன்று பக்கமும் எலும்புச் சுவர் சூழ்ந்தும் இருந்தால் அதற்கு வாய்ப்பு மிக நன்றாகவே உண்டு.

அறுவைக்கு முன்

இரண்டு அமர்வுகளில் காரையை அகற்றி வேர்களைத் தூய்மை செய்தேன். பல்லிடுக்குத் தூரிகையைக் கையில் கொடுத்து, கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, அவரே செய்து பழகும்வரை உட்கார வைத்தேன். சர்க்கரை மாத்திரையை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். புகையிலையை நிறுத்த ஏழு வாரம் ஆயிற்று. முடிச்சுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூபைச் சிறு வளையங்களாக வெட்டி, துணிக்கு மேல் மாட்டும் வழியை அவரோடு பாசி எடுக்கும் பெண்ணொருவர் கண்டுபிடித்தார். நான் யோசித்த எதையும்விட அது நன்றாக வேலை செய்தது.

எட்டாவது வாரத்தில் மற்ற ஈறுப் பைகள் 3, 4 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தன. சர்க்கரைச் சராசரி 6.9-க்கு வந்தது. மாற்றிய மாத்திரைக்கு அதில் பெரும்பங்கு, ஆனால் ஈறு நோய் தணிவதாலேயே சராசரி 0.4 அளவுக்குக் குறைய முடியும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. நம் பல்லில் பை 7 மி.மீ., ஈறு இறக்கம் 2 மி.மீ., ஆக இழப்பு 9 மி.மீ. இதற்கு மேல் அறுவை இல்லாமல் சரியாகாது.

ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் அளக்க, அளவுக்கம்பிக்குப் பள்ளம் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் உறையைச் செய்ய வேண்டியிருந்தது. அச்செடுக்க அல்ஜினேட் பொடியைக் குழைத்தபோது, அது பழுப்புப் பாசியிலிருந்து வருவது, அவர் எடுக்கும் கட்டக்கோரை போன்றது என்று சொன்னேன். கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் முகர்ந்தார். ஸ்டெம் செல்களைப் பொதிந்து எலும்புப் பள்ளத்தில் வைக்கும் கூழாகவும் இதே அல்ஜினேட்டை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். அவர் எடுக்கும் இன்னொரு பாசியான மரிக்கொழுந்திலிருந்து வரும் அகர்தான் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இருப்பது.

அறுவைக்கு நாள் குறிப்பதில் கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் உதவியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களில், பாசி எடுக்கும் பெண்களும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கடலில் இறங்குவதில்லை. முதல் ஆறு வாரம் காயத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி என்பதால், மே முதல் வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

அறுவை

மரத்துப்போகும் ஊசி போட்டபின், இரு பற்களுக்கு நடுவிலுள்ள ஈற்று முனையை அறுக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கும் விதத்தில் வெட்டு வைத்து ஈற்று மடலைத் திறந்தேன். அழன்ற திசுவை வழித்தபின் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஆழம் 5 மி.மீ. கீழ்ப்பாதியில் மூன்று பக்கமும் சுவர் இருந்தது, மேற்பாதியில் கன்னப்பக்கச் சுவர் கரைந்திருந்தது. வேரில் ஒளிந்திருந்த காரைத் துணுக்கு ஒன்று, முதல் சுத்தத்தில் எனக்கு எட்டாதது, அப்போதுதான் கண்ணில் பட்டது. அதை எடுத்து, வேரை வழவழப்பாக்கி, வேரின் மேல் படிந்த நுண்துகள் படலத்தைக் கரைக்கும் ஈடிடிஏ கூழால் இரண்டு நிமிடம் துடைத்தேன்.

இதற்கிடையே முழங்கைச் சிரையிலிருந்து 20 மி.லி. ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத குழாய்களில் ஊற்றி, உடனே நிமிடத்துக்கு 3,000 சுற்று வீதம் பத்து நிமிடம் சுழலவிட்டோம். 2001-இல் பிரான்சில் ஷுக்ரூன் அறிமுகப்படுத்திய முறை இது. தாமதித்தால் ரத்தம் குழாயிலேயே தாறுமாறாக உறைந்துவிடும், எனவே ஊசியை உருவியதிலிருந்து இயந்திர மூடியை அடைப்பது வரை ஓட்டமாகத்தான் செய்ய வேண்டும். சுழன்று நின்றபோது அடியில் சிவப்பு, மேலே தெளிநீர், நடுவில் ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினின் வெளிர்மஞ்சள் கட்டி. இடுக்கியால் தூக்கினால் நுங்குபோல் தளதளக்கும். அதற்குள் சிக்கியிருக்கும் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் வளர்ச்சிக் காரணிகளை ஒரு வாரத்துக்கும் மேலாகக் கசியவிடும். இது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல, அங்கே இருக்கும் ஸ்டெம் செல்களை அழைக்கும் ஏற்பாடு.

கட்டியின் ஒரு பகுதியை நறுக்கி எலும்புத் தூளோடு பிசைந்து பள்ளத்தில் நிரப்பி, மீதியைத் தகடாக அழுத்தி மேலே போர்த்தினேன். எலும்புத் தூள் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்து வந்தது. மாட்டெலும்பு, மனித எலும்பு, செயற்கைத் தூள் ஆகிய மூன்றையும் முன்பே அவரிடம் விளக்கியிருந்தேன். "யாரு எலும்புங்க அது?" என்று கேட்டார். தானமாக வந்தது என்றேன். "தானமாக் குடுத்ததுன்னா வாங்கிக்கலாம்" என்றார். நுண்ணிய நூலால் மடலை இழுவிசை இல்லாமல் மூடினேன்.

பின்தொடர்ச்சி

பதினைந்தாம் நாள் தையல் பிரிக்கும்போது ஈற்று முனை 1 மி.மீ. அளவுக்கு வெளுத்துச் செத்திருந்தது. காரணம் கேட்டதில், வீட்டில் பூக்கட்டும்போது நாரைப் பல்லில் கவ்வி இழுத்திருக்கிறார். வலப்பக்கம்தான். கடலில் முடிச்சைப் பல்லால் இழுக்காதீர்கள் என்று பத்து முறை சொன்ன நான், கரையிலும் இழுக்காதீர்கள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இப்போது அறுவை முடிந்த ஒவ்வொருவரிடமும் நார், நூல், பொட்டலம், ஊக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் கூழ் தடவி, வாரம் ஒரு முறை பார்த்ததில் ஐந்தாம் வாரம் புண் ஆறியது. ஆறு மாதம் வரை அளவுக்கம்பியை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை.

பன்னிரண்டாம் மாதத்தில் பை 3 மி.மீ., ஈறு இறக்கம் 3 மி.மீ., ஆக இழப்பு 6 மி.மீ. அறுவையால் மீண்ட பிடிப்பு 3 மி.மீ. எக்ஸ்ரேயில் 5 மி.மீ. பள்ளத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நிரம்பியிருந்தது. ஆட்டம் இயல்பான அளவுக்குக் குறைந்தது, கூழ் உயிரோடு இருக்கிறது, தொட்டால் ரத்தம் இல்லை. செத்த முனை முழுதாகத் திரும்பி வளராததால் இரு பற்களுக்கு நடுவே சிறு முக்கோண இடைவெளி நிற்கிறது. அதில் மீன்முள் சிக்குகிறது என்பது அவருடைய குறை, நியாயமான குறை.

மூன்று திசுவும் உண்மையாகவே மீண்டு வளர்ந்தனவா என்பதை இந்த எண்கள் நிரூபிக்காது. நீண்ட மேல்தோல் ஒட்டினாலும் பை ஆழம் குறையும், எலும்புத் தூளும் எக்ஸ்ரேயில் வெண்மையாகத்தான் தெரியும். பல்லை வேரோடும் எலும்போடும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே தெரியும், அதற்காகவா அதைக் காப்பாற்றினோம். ஒரே ஒரு நோயாளியின் ஒரே ஒரு பல் என்பதால், ரத்தக் கட்டி எவ்வளவு, எலும்புத் தூள் எவ்வளவு, முடிச்சை நிறுத்தியது எவ்வளவு என்று இதில் பிரித்துச் சொல்லவும் வழியில்லை. என் அனுபவத்தில், முடிச்சை நிறுத்தாமல் மற்ற இரண்டையும் செய்திருந்தால் ஓராண்டுக்குள் பல் மறுபடியும் ஆடியிருக்கும்.

மேல் வலது ஞானப்பல் சொத்தையாகிப்போனதால் அதைப் பின்னர் எடுக்க வேண்டி வந்தது. அதை வங்கியில் போட்டு வைக்கலாமா என்று மகன் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, அம்மாவை அவரே வண்டியில் அழைத்து வருகிறார். அடுத்த எக்ஸ்ரே இருபத்து நான்காம் மாதத்தில் எடுக்க வேண்டும்.